நீண்ட ஆயுள் யாருக்கு?

உண்டாரை நெடுங்காலம் வாழ்விக்கும் அரிய நெல்லிக்கனி ஒன்று அதியமான் நெடுமான் அஞ்சிக்குக் கிட்டியது. அவன் அதனைத் தான் உண்ணவில்லை. அதன் பயனையும் வெளியே சொல்லாமல் ஔவையாருக்கு ஈந்தான். புறநானூற்றின் தொண்ணூற்றோராம் பாட்டு கூறும் இச்செய்தியைத் தமிழ் படித்தோர் யாவரும் அறிவர். கொடைக்கு எடுத்துக்காட்டாக இதனை ஆண்டுதோறும் வகுப்பறைகளில் கற்பித்து வருகின்றோம். ஆயின் இச்செய்தியினுள்ளே வேறொரு வினாவும் பொதிந்து கிடக்கின்றது. நீண்ட ஆயுள் என்பது கையால் எடுத்துக் கொடுக்கக்கூடிய ஒரு பொருளாயின், அது யாருக்கு உரியது? ஆள்வோன் அதனை உண்டிருந்தால் உலகம் வியந்திராது. அவன் உண்ணாமையே பாட்டாயிற்று. அப்படியாயின், ஆள்வோன் நெடிது வாழ்வதும் அவனுக்காக உழைப்போர் விரைவில் மாய்வதும் இயல்பே என்ற எண்ணம் நம் உள்ளத்தில் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறது!

அண்மையில் ஒன்பதாந் தரத்தில் இப்பாட்டை விளக்கிக்கொண்டிருந்தபொழுது மாணவி ஒருத்தி எழுந்து கேட்டாள்: “தேன்கூட்டில அரசி மட்டும் கன வருசம் வாழுமாம், மத்தத் தேனீயெல்லாம் கொஞ்ச நாளில செத்துப்போகுமாம். அரசி வேலை செய்யாததாலயா, சேர்?” அம்மாணவியின் தாய் கொழுந்து பறிப்பவர். வகுப்பில் இருந்த பிள்ளைகளுட் பெரும்பாலோரின் தாய்மாரும் அவ்வாறே. வினா தேனீயைப் பற்றியது மாத்திரமன்று என்பதை நாம் உணர்ந்தோம். தமிழ் கற்பிக்கும் நமக்கு அன்று விடை தெரியவில்லை. பின்னர் உயிரியல் அறிஞர் எழுதியவற்றைத் தேடிப் படித்தோம். அப்படிப்பின் பயனே இக்கட்டுரை.

முதலில் உண்மைகளைப் பார்ப்போம். தேனீ, எறும்பு, கறையான், சில வகைக் குளவிகள் ஆகியன கூட்டாக வாழும் பூச்சிகள். இவற்றின் கூட்டில் முட்டையிடும் அரசியும், உணவு தேடுதல், குஞ்சு வளர்த்தல், கூடு காத்தல் ஆகிய பணிகளைச் செய்யும் தொழிலாளிகளும் உள. மேல்நாட்டுத் தேனீயின் தொழிலாளி, பூக்காலத்தில் ஏறத்தாழ ஆறு வாரமே வாழ்கின்றது; அதே கூட்டின் அரசி இரண்டு முதல் ஐந்து ஆண்டுவரை வாழ்கின்றது. ஐரோப்பியத் தோட்டங்களிற் சாதாரணமாகக் காணப்படும் ஒருவகைக் கருநிற எறும்பின் அரசி, வளர்ப்புக் கூட்டில் இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு மேல் உயிரோடிருந்தமை பதிவாகியிருக்கிறது. ஆபிரிக்கப் புற்றுக்கறையானின் அரசியும் அரசனும் இருபதாண்டு வரை வாழ, அவற்றின் தொழிலாளிகள் சில மாதங்களில் மாண்டு போகின்றன. கூட்டுவாழ்வுப் பூச்சிகளின் அரசிகளையும் தனித்து வாழும் பூச்சிகளையும் ஒப்பிட்ட லோரன் கெல்லர், மிஷேல் ஜெனூ என்ற சுவிற்சர்லாந்து அறிஞர் இருவர், அரசிகளின் ஆயுள் சராசரியாக நூறு மடங்கு கூடியது என 1997ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினர்.

இவ்வேற்றுமை பிறப்பால் வந்ததா? இங்கேதான் வியப்பு இருக்கிறது. தேனீயின் அரசியும் தொழிலாளியும் ஒரேவகை முட்டையிலிருந்து பிறப்பவை. எந்தப் பெண் முட்டையும் அரசியாகலாம், எதுவும் தொழிலாளியாகலாம். முட்டை பொரிந்த முதற் சில நாட்களில் எல்லாப் புழுக்களுக்கும் செவிலித் தேனீக்கள் தம் சுரப்பிகளிலிருந்து ஊறும் பாலை ஊட்டுகின்றன. பின்னர், அரசியாக வேண்டியதற்கு மட்டும் அந்த அரசப்பால் இடையறாது பெருகக் கிடைக்கின்றது. அதற்குக் கட்டப்படும் அறையும் பெரிது. ஏனையவற்றுக்கு மகரந்தமும் தேனும் கலந்த உணவு, குறுகிய அறை. தேனீயின் பரம்பரையலகுத் தொகுதி முழுவதும் 2006ஆம் ஆண்டில் வாசித்து வெளியிடப்பட்டது. ஈராண்டின் பின், அவுஸ்திரேலியாவின் கன்பரா நகர ஆய்வாளர், பரம்பரையலகுகளின் மேல் இரசாயனக் குறியிடும் ஒரு நொதியத்தைத் தேனீப் புழுக்களில் அடக்கிப் பார்த்தனர். தொழிலாளியாக வேண்டிய புழுக்களுட் பெரும்பாலானவை அரசியின் இயல்புகளோடு வளர்ந்தன. நூல் ஒன்றே, அதன் எந்தப் பக்கம் திறக்கப்படும், எது மூடப்படும் என்பதையே உணவு தீர்மானிக்கின்றது. இரத்தத்தில் உயர்வு தாழ்வு தேடுவோர் இக்கூட்டிலே அதனைக் காணமாட்டார்கள்.

அரசி வேலை செய்வதில்லை என்பதும் பிழை. தேனீயரசி பருவகாலத்தில் நாளொன்றுக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட முட்டைகளை இடுகின்றது. அவ்வுடலுக்கு அது கடுமையான உழைப்பு. பிற உயிரினங்களுட் பலவற்றில் மிகுதியாக ஈனும் உயிர் விரைவில் தேய்ந்து போவதையே காண்கிறோம். ஆதலின், “வேலை செய்யாததாலா?” என்ற வினாவுக்கு நேர்விடை “அன்று” என்பதே. எவ்வகை உழைப்பு, எத்தகைய சூழலில், யாருடைய பராமரிப்பின்கீழ் என்பனவே ஆயுளைத் தீர்மானிக்கின்றன. தொழிலாளித் தேனீயின் வாழ்விலேயே இதற்குச் சான்று உண்டு. கோடையிற் பிறந்து வெளியே பறந்து தேன் சேர்ப்பது சில வாரங்களில் இறகு கிழிந்து மடிகின்றது. குளிர்நாடுகளில் இலையுதிர்காலத்திற் பிறந்து, பறக்கும் வேலையின்றிக் கூட்டினுள் கதகதப்போடு தங்குவது பல மாதங்கள் வாழ்கின்றது. இரண்டும் ஒரே தாயின் மக்கள்.

உயிர்கள் ஏன் மூப்படைகின்றன என்ற வினாவுக்குக் கூர்ப்புக் கொள்கை தந்த விடை இவ்விடத்தில் உதவுகின்றது. ஜே. பி. எஸ். ஹால்டேன் 1941இல் அதன் வித்தை இட்டார். பொதுவுடைமைச் சிந்தனையாளரான அவ்வறிஞர் 1957இல் இங்கிலாந்தை விட்டு இந்தியாவுக்கு வந்து, இந்தியக் குடிமகனாகி, 1964இல் புவனேசுவரத்தில் மறைந்தவர். பீட்டர் மெடவார் 1952இலும் ஜோர்ஜ் வில்லியம்ஸ் 1957இலும் அவ்வெண்ணத்தை விரித்தனர். அதன் சாரம் இது: புறத்தே கொலையும் பசியும் விபத்தும் மிகுந்த சூழலில் வாழும் உயிர், மூப்படையுமுன்னரே பெரும்பாலும் இறந்துவிடுகின்றது. ஆகவே முதுமையில் தீங்கு செய்யும் பரம்பரையலகுகளை இயற்கைத் தேர்வு களைந்தெறிய வாய்ப்பே இல்லை. பாதுகாப்பான இடத்தில் வாழ்ந்து நெடுங்காலம் ஈனும் உயிரில், முதுமையைத் தள்ளிப்போடும் இயல்புகள் தலைமுறை தலைமுறையாகத் திரண்டு நிற்கின்றன. அரசி கோட்டையின் நடுவே இருக்கின்றது. தொழிலாளி வெயிலிலும் மழையிலும் பகைவர் நடுவிலும் திரிகின்றது. காப்பு இருந்த இடத்தில் நெடுவாழ்வு முளைத்தது. காப்பு இல்லாத இடத்தில் உடலைப் பேணுவது வீண் செலவாயிற்று. கறையானை ஆராய்ந்த ஜேர்மனிய அறிஞர் 2018இல் கண்ட செய்தி இதனோடு ஒத்துப்போகின்றது. முதிர்ந்த தொழிலாளிக் கறையான்களின் கலங்களில், இடம்விட்டு இடம் தாவிப் பரம்பரைத் தொகுதியைக் குலைக்கும் துண்டுகள் கட்டவிழ்ந்து பெருகுகின்றன. அரசனிலும் அரசியிலும் அவை அடங்கியே கிடக்கின்றன. அடக்கும் பொறி அங்கே ஓயாமல் இயங்குகின்றது.

இதுவரை கூறியன கொண்டு, நெடுவாழ்வு அரசியின் நிலையான உரிமை என்று எண்ணிவிடலாகாது. தென்னிந்தியக் காடுகளில் துள்ளிப் பாயும் எறும்பு ஒன்று உண்டு. அதன் கூட்டில் அரசி இறந்தால், தொழிலாளிகள் பல நாட்கள் உணர்கொம்புகளால் ஒன்றையொன்று அடித்துப் போட்டியிடுகின்றன. வென்றவை முட்டையிடத் தொடங்குகின்றன. சாதாரணமாக ஏழு மாதம் வாழும் தொழிலாளி, இவ்வாறு அரசியின் இடத்துக்கு உயர்ந்தால் நான்காண்டுவரை வாழ்கின்றது. அதே எறும்பை அவ்விடத்திலிருந்து இறக்கி மீண்டும் தொழிலாளியாக்கினால், ஆயுளும் மீண்டும் சுருங்குகின்றது. நியூயோர்க் ஆய்வாளர் 2022இல் இதன் உட்பொறியை வெளியிட்டனர். முட்டை உருவாவதற்கு இன்சுலின் மிகுதியாக வேண்டும். ஆயின் இன்சுலின் மிகுந்தால் மூப்பு விரையும். உயர்ந்த எறும்பின் சூலகம் ஒரு புரதத்தைச் சுரந்து, இன்சுலினின் இரு வழிகளுள் மூப்புக்கு இட்டுச் செல்லும் வழியை மட்டும் அடைத்துவிடுகின்றது. இத்திறன் ஒவ்வொரு தொழிலாளியின் உடலிலும் உறங்கிக்கிடக்கிறது, வாய்ப்புத்தான் கிடைப்பதில்லை.

பெங்களூரில் இராகவேந்திர கடக்கர் பல்லாண்டுகளாக ஆராய்ந்துவரும் ஒருவகைக் குளவியின் கதையும் இத்தகையதே. அங்கே அரசிக்கும் தொழிலாளிக்கும் உருவ வேறுபாடு இல்லை. அரசி நீங்கியதும் தொழிலாளிகளுள் ஒன்று அவ்விடத்தை எடுத்துக்கொள்கின்றது. அடுத்து வருவது எது என்பதை மனித ஆய்வாளரால் முன்கூட்டிச் சொல்ல முடிவதில்லை. கூட்டின் குளவிகளோ அதனை முன்னரே அறிந்தவைபோல் மறுப்பின்றி ஏற்றுக்கொள்கின்றன.

இன்னொரு சான்று நம்மை மிகவும் சிந்திக்க வைத்தது. ஐரோப்பியக் காடுகளில் வாழும் சிற்றெறும்பு ஒன்றின் தொழிலாளிகளை ஒருவகை நாடாப்புழு பற்றுகின்றது. புழுப் பற்றிய எறும்பு வேலை செய்வதில்லை, கூட்டினுள்ளேயே தங்குகின்றது, ஏனையவை அதனைத் தூக்கிச் செல்கின்றன, நக்கித் துப்புரவாக்குகின்றன, உணவூட்டுகின்றன. மைன்ஸ் நகர ஆய்வாளர் 2021இல் வெளியிட்ட முடிவின்படி, மூன்றாண்டுக் கண்காணிப்பின் இறுதியில் புழுவற்ற தொழிலாளிகள் யாவும் இறந்தொழிந்தன. புழுப் பற்றியவற்றுள் அரைப்பங்குக்கு மேற்பட்டவை உயிரோடிருந்தன. அவற்றின் ஆயுள் அரசியின் ஆயுளை ஒத்திருந்தது. இதிற் புழுவின் பங்கும் உண்டு, பராமரிப்பின் பங்கும் உண்டு என்பர் ஆய்வாளர். தொழிலாளியின் உடல் இயல்பாகவே குறுவாழ்வுக்கென்று வார்க்கப்பட்டது என்னும் எண்ணத்தை இச்சான்று தகர்த்துவிடுகின்றது.

இனி, இவ்வுண்மைகளை மனிதர் எவ்வாறு பயன்படுத்தினர் என்பதைக் காண்போம். அரிஸ்டோட்டில் கூட்டின் தலைவனை அரசன் என்றே அழைத்தார். ஆளும் உயிர் ஆணாகத்தான் இருக்க வேண்டும் என்பது அக்காலத்தார் துணிபு. இங்கிலாந்தில் முதலாம் எலிசபெத் ஆண்டு மறைந்த சில ஆண்டுகளின் பின், 1609இல் சார்ள்ஸ் பட்லர் தேன்கூட்டைப் பெண்ணரசு என்று வருணித்து நூல் எழுதினார். அதே நூற்றாண்டில் ஒல்லாந்தரான சுவாமர்டாம் நுணுக்குக்காட்டியின்கீழ் அறுத்துப் பார்த்து, “அரசனின்” வயிற்றிற் சூலகம் இருப்பதைக் காட்டினார். ஒவ்வொரு காலத்தவரும் தத்தம் நாட்டின் அரியணையைக் கூட்டினுள் கொண்டுபோய் வைத்து, பின்னர் அதனையே இயற்கை வைத்த அரியணை என்று வெளியே எடுத்துக் காட்டினர். உண்மையில் அரசி ஆள்வதேயில்லை. அது ஆணை பிறப்பிப்பதில்லை. கருவுறும் பறப்புக்கும் கூடு பிரிந்து குடிபெயர்தலுக்கும் அன்றி வெளியுலகைக் காண்பதில்லை. முட்டையிடும் திறன் குன்றினால் தொழிலாளிகளே வேறோர் அரசியை வளர்த்து அதனை அகற்றிவிடுகின்றன. “அரசி” என்பது நாம் இட்ட பெயர்.

இவ்வுவமை வெறும் விளையாட்டாக நின்றுவிடவில்லை. இலண்டனில் வாழ்ந்த ஒல்லாந்து மருத்துவர் பெர்னாட் மண்டெவில் 1714இல் தேனீக்களைப் பற்றிய தம் புகழ்பெற்ற கதையை நூலாக வெளியிட்டார். 1723ஆம் ஆண்டுப் பதிப்பில், ஏழைப் பிள்ளைகளுக்கான தரும பாடசாலைகளைக் கண்டித்து ஒரு கட்டுரையும் சேர்த்தார். உழைக்கும் ஏழைகளின் திரளே நாட்டின் செல்வம். அவர்கள் வறியராய் இருப்பது போலவே அறியாதவராயும் இருத்தல் வேண்டும். எழுத்தும் வாசிப்பும் அவர்களை உழைப்புக்கு உதவாதவராக்கும் என்பது அவர் வாதம். மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் எழுதியதாயினும், தோட்டப் பாடசாலையிற் படிப்பிக்கும் நமக்கு அவ்வாதம் பழையதாய்த் தோன்றவில்லை. “இவங்க படிச்சிட்டா மலைக்கு யார் போறது?” என்ற கேள்வியைத் தேநீர்க்கடைப் பேச்சிலும் நாம் கேட்டிருக்கின்றோம்.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழலாம். தேன்கூடோ புற்றோ பல உயிர்களின் கூட்டமன்று. அது ஓர் உடல். அமெரிக்க அறிஞர் வில்லியம் மோர்ட்டன் வீலர் 1911இல் எறும்புக் கூட்டத்தை ஓர் உயிரி என்றே கொண்டார். உடலின் நன்மைக்காகத் தோலின் கலம் உதிர்வதை யாரும் அநீதி என்பதில்லை. அவ்வாறாயின் தொழிலாளி மடிவதிலும் அநீதி எங்கே உளது? பூச்சியைப் பொறுத்தவரை இவ்வாதத்தில் வலு உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறோம். தொழிலாளித் தேனீ தன் தாயின் மக்களையே வளர்க்கின்றது. தன் இரத்த உறவின் வழியாகத் தன் பரம்பரையலகுகளே அடுத்த தலைமுறைக்குச் செல்கின்றன என 1964இல் வில்லியம் ஹமில்ட்டன் கணக்கிட்டுக் காட்டினார். ஆயின் இதே உவமையை மனித சமுதாயத்துக்குப் பொருத்தியபோதெல்லாம் நிகழ்ந்தது என்ன? ஆதிபுருடனின் முகத்திலிருந்து ஒரு வருணமும் பாதத்திலிருந்து ஒரு வருணமும் பிறந்தன என்றனர் நம் நாட்டார். கிளர்ந்தெழுந்த உரோமாபுரி எளியோருக்கு, வயிற்றுக்கு உணவு செல்லாவிடின் கைகால்களும் வாடும் என்று கதை சொன்னார் ஒரு பிரபு. எந்தக் கதையிலும் கதை சொல்வோன் பாதமாக இருந்ததில்லை. தோலின் கலத்துக்கு நாளையைப் பற்றிய கனவு கிடையாது. தன் பிள்ளை என்ன ஆகும் என்று அது இரவில் விழித்திருப்பதில்லை. கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு அக்கனவும் உண்டு, அவ்விழிப்பும் உண்டு. தோட்டத்தின் இலாபம் அவளுடைய தாயின் மக்களுக்குச் செல்வதுமில்லை.

அதே வேளையில் நம் பக்கத்தாரின் பிழை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். துள்ளும் எறும்பின் கதையைக் கேட்டவுடன், “பார்த்தீர்களா, இயற்கையே சமத்துவத்தின் பக்கம் நிற்கிறது” என்று மேடையில் முழங்கத் தோன்றும். அவ்வாறு முழங்குவோர் மண்டெவிலின் வழியிலேயே நடக்கின்றனர், திசைதான் வேறு. இயற்கை யார் பக்கமும் நிற்பதில்லை. அவ்வெறும்பின் போட்டியில் வெல்பவை சிலவே. தோற்றவை தொழிலாளிகளாகவே மாய்கின்றன. இயற்கையிடமிருந்து நாம் பெறக்கூடியது காரணகாரிய அறிவே. எது எதனால் விளைகின்றது என்பதை அது காட்டும். எது விளைய வேண்டும் என்பதை நாமே முடிவு செய்தல் வேண்டும். தேனீ தன் அறையை மாற்றிக் கட்ட எண்ணியதில்லை. மனிதனோ தன் வீட்டை முதலில் மனத்திற் கட்டுகின்றான். 1867இல் வெளிவந்த தம் பெருநூலில் கார்ல் மார்க்ஸ் சுட்டிய இவ்வேறுபாடு இவ்வாராய்ச்சிகளாற் சிறிதும் குறையவில்லை.

ஆகவே காரணகாரியத்தையே கேட்போம். அரசியின் ஆயுளை நீட்டியவை எவை? குழந்தைப் பருவத்தில் நிறைந்த உணவு, அபாயமில்லாத உறைவிடம், பிறர் தரும் இடையறாப் பராமரிப்பு. இம்மூன்றுமே பங்கிடக்கூடியவை. பரம்பரையலகு எல்லோருக்கும் பொது. இனி இம்மூன்றும் எம் மலைநாட்டில் எவ்வாறு பங்கிடப்பட்டுள்ளன என்று பார்ப்போம்.

ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவில் தேயிலை நட்டது 1867இல். நூறாண்டு கடந்த செடிகள் இன்றும் பல மலைகளிற் கொழுந்து தருகின்றன. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டி, உரமிட்டு, நோய் பார்த்து அவற்றை இளமையாகவே வைத்திருக்கின்றார்கள். உயிருள்ள தேயிலைத் தண்டைக் குடையும் கறையானையும் துளையிடும் வண்டையும் ஆராய்வதற்கு 1925ஆம் ஆண்டிலிருந்தே ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கின்றது. தலவாக்கலையில் அதன் தலைமையகம் உளது. இதில் நமக்குக் குறை சொல்ல எதுவுமில்லை. செடி வாழ்ந்தாற்றான் நாமும் வாழ்வோம். ஆயின் அச்செடியின் கீழ் நிற்கும் மனிதரின் ஆயுளைப் பற்றி அதே காலத்தில் அதே அக்கறையோடு கேட்கப்பட்டதா என்று கேட்கும் உரிமை நமக்குண்டு.

உணவை எடுத்துக்கொள்வோம். 2016ஆம் ஆண்டில் நடந்த குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, இந்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் வயதுக்கேற்ற உயரம் எய்தாதோர் நூற்றுக்கு 17.3 பேர், தோட்டப்பகுதியில் 31.7 பேர். பிள்ளைகளின் முட்டை ஒன்றே, பால் வேறு. இதனைப் படிக்கும்போது தேன்கூட்டின் சிறிய அறையும் பெரிய அறையும் நினைவுக்கு வராமற் போகுமா? அறை என்றதும் பத்தடி, பன்னிரண்டடி நீள அகலமுள்ள லயக் காம்பராவில் மூன்று தலைமுறை உறங்கும் காட்சியும் நினைவுக்கு வரத்தான் செய்கிறது.

அபாயமின்மையை எடுத்துக்கொள்வோம். அட்டையும் வழுக்குச் சரிவும் மழைக்காலத்து மண்சரிவும் ஒருபுறமிருக்க, தேயிலைச் செடியின் அடியிலும் மரக்கிளையிலும் கூடு கட்டும் குளவிகள் கலைந்து கொட்டித் தொழிலாளர் உயிரிழந்த செய்திகளை நாம் மீண்டும் மீண்டும் பத்திரிகைகளில் வாசிக்கின்றோம். தன் கூட்டைக் காக்கப் பறக்கும் ஒரு தொழிலாளிக் குளவியும், நாட்பேர் நிறையக் கொழுந்து பறிக்கும் ஒரு தொழிலாளிப் பெண்ணும் எதிரெதிரே நின்று மாய்கின்ற அக்காட்சியில், குளவிக்கு வேறு வழியில்லை. கூடுகளைத் தேடி முன்கூட்டியே அகற்றவும், ஆபத்தான மலையில் அன்று வேலையை நிறுத்தவும் மனிதருக்கு வழியுண்டு. நிர்ணயித்த கிலோ குறைந்தால் அரைப்பேர் என்ற கணக்கு இருக்குமிடத்தில், கூட்டைக் கண்டும் ஒதுங்கிப் போகத் துணிவோர் எத்தனை பேர்?

பராமரிப்பை எடுத்துக்கொள்வோம். தாய்மார் மலைக்குச் சென்றபின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளப் பிள்ளை மடுவம் இருக்கின்றது. கூட்டுப் பராமரிப்பு என்ற அளவில் அது நல்ல ஏற்பாடே. ஆயின் பராமரிப்பு என்பது தொட்டிலோடு முடிவதன்று. ஒரு நாட்டில் தன்னை அந்நாட்டின் மனிதனாக எண்ணுவாரும் இருத்தல் அதனுள் அடங்கும். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட இம்மக்களுள் எஞ்சியோர் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகவே முழுவதும் குடிமக்களாயினர். இடைப்பட்ட ஐம்பத்தைந்து ஆண்டுகளில் பிறந்து, நாடு என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமின்றியே மாய்ந்தோரின் வாழ்வை எந்தக் கணக்கிற் சேர்ப்பது?

இவை மாற்ற முடியாதவை என்பாருக்கு இந்நாட்டின் வரலாறே விடை கூறும். 1940களின் நடுவில் இலங்கையரின் சராசரி ஆயுள் நாற்பத்தைந்து ஆண்டையும் எட்டவில்லை. இன்று அது எழுபத்தைந்தைக் கடந்து நிற்கின்றது. இடையில் நம் பரம்பரையலகுகள் மாறிவிடவில்லை. மலேரியா ஒழிந்தது, இலவச மருத்துவமும் இலவசக் கல்வியும் வந்தன, தாயும் சேயும் பேணப்பட்டனர். நெல்லிக்கனி மரத்திற் பழுக்கவில்லை. மக்கள் கூடி அதனை உண்டாக்கினர். தோட்டங்களுக்கும் அது வந்து சேர்ந்தது. ஆனாற் பிந்தி வந்தது, குறைந்து வந்தது.

இனி நம்மைப் பற்றியும் ஒரு சொல். மலையகத்துப் பட்டதாரிகளாகிய நம்முட் பலர், கொழுந்து பறித்த கைகள் ஊட்டிய சோற்றில் வளர்ந்தோர். தாய் ஒருவேளை உண்ணாதிருந்தமையால் நமக்குக் கொப்பி கிடைத்தது; அவள் ஞாயிற்றுக்கிழமையும் கைக்காசுக்கு மலையேறியமையால் நாம் பல்கலைக்கழகம் சென்றோம். அவள் ஆயுளிற் சில ஆண்டுகள் நம் ஆயுளிற் சேர்ந்திருக்கின்றன. இதனைத் தாய்மையின் இயல்பு என்றும் தியாகம் என்றும் மேடைகளிற் போற்றுகின்றோம். போற்றுதல் எளிது. ஆயின் அதியமானின் கொடைக்கும் அவள் ஈந்ததற்கும் ஒரு வேற்றுமை உண்டு. அதியமான் அக்கனியைத் தானே உண்டிருக்கலாம், தடுப்பார் இல்லை. உண்ண முடிந்தும் ஈந்தமையாலேயே அது கொடையாயிற்று. தொழிலாளித் தேனீக்கு அத்தகைய தெரிவு இல்லை. ஆதலின் அதன் சாவைக் கொடை என்பது பொருந்தாது. எம் தாய்மாரின் நிலை இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. அன்பினால் ஈந்தனர் என்பது உண்மை. வேறு வழி விடப்படவில்லை என்பதும் உண்மை. முதலாவதைச் சொல்லி இரண்டாவதை மறைப்போமாயின், அவர்களைத் தேன்கூட்டுக்குள் தள்ளுவோர் வரிசையில் நாமும் நிற்போம். மறுக்க முடிந்தவர் தருவதே கொடை. மறுக்க முடியாதவரிடமிருந்து பெற்றது கடன். கடனைப் போற்றிப் பயனில்லை, தீர்த்தல் வேண்டும்.

புறநானூற்றில் இன்னொரு பாட்டும் உண்டு. ஆண்டு பல சென்றும் நரை தோன்றாதிருப்பது எவ்வாறு என வினவியோருக்குப் பிசிராந்தையார் விடை கூறுகின்றார். மருந்தையோ தவத்தையோ அவர் குறிப்பிடவில்லை. மாண்புடைய மனைவி, அறிவு நிரம்பிய மக்கள், தாம் எண்ணியதையே எண்ணும் ஏவலர், முறையல்லாதன செய்யாது காக்கும் வேந்தன், தம் ஊரில் வாழும் சான்றோர் பலர் என்று அடுக்குகின்றார். மூப்பின் காரணத்தை உடலுக்குள்ளே மட்டும் தேடாமல் ஊரிலும் ஆட்சியிலும் தேடிய விடை அது. அப்பாட்டில் வரும் ஏவலரின் தலையில் நரை இருந்ததா என்று புலவர் சொல்லவில்லை, கேட்டாரும் இல்லை. அதனைக் கேட்பது நம் காலத்தின் கடமை.

அடுத்த பாடத்தில் அம்மாணவிக்கு விடை கூறினோம். அரசியும் வேலை செய்கிறது. அதன் நெடுவாழ்வுக்குக் காரணம், சிறு வயதில் நல்ல உணவு, பயமில்லாத வீடு, பார்த்துக்கொள்ள ஆட்கள் என்றோம். அவள் சிறிது நேரம் யோசித்தாள். “அது மூணும் எல்லாத் தேனீக்கும் குடுக்க ஏலாதா, சேர்?” என்று கேட்டாள்.

தேனீக்கு ஏலாது என்றோம். வகுப்பில் இருந்த எல்லோருக்கும் மிகுதி விளங்கியது.